எலியா போன இடம் எது? விளக்கம் வேண்டும்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். வரும் ஞாயிறு ஓய்வுநாள் பள்ளியில் வேதாகமத்தின் 2 இராஜாக்கள் 2-ம் அதிகாரம் எடுக்கிறேன். தயாரிக்க உட்கார்ந்தால் எனக்கே குழப்பம்.

எலியா தீர்க்கதரிசி அக்கினி ரதத்தில் ஏறிப் போனார் என்றுதான் சிறுவயதிலிருந்து நினைத்திருந்தேன். 11-ம் வசனத்தை நிதானமாகப் படித்தால், ரதமும் குதிரைகளும் எலியாவையும் அவருடைய சீஷன் எலிசாவையும் பிரிக்கத்தான் வருகின்றன. எலியாவை வானத்துக்குக் கொண்டுபோனது சுழல்காற்று. சரி, இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடலாம்.

என் சிக்கல் யோவான் 3:13. மனுஷகுமாரனாகிய இயேசுவைத் தவிர பரலோகத்துக்கு ஏறினவர் ஒருவரும் இல்லை என்கிறது அந்த வசனம். அப்படியானால் எலியா? அவரைப்போலவே தேவன் எடுத்துக்கொண்ட ஏனோக்கு? 'தானாக ஏறியவர் இல்லை, எடுத்துக்கொள்ளப்பட்டவர் வேறு' என்று ஒருவர் சொன்னார். பறவைகள் பறக்கும் வானத்தைத்தான் 2 இராஜாக்கள் 2:11-ல் சொல்லியிருக்கிறது, எலியா பூமியிலேயே வேறிடத்தில் இறக்கப்பட்டார் என்றார் இன்னொருவர். ஆனால் எரிகோவிலிருந்து வந்த ஐம்பது பேர் மூன்று நாள் அவரைத் தேடியும் கிடைக்கவில்லையே!

அந்த இரண்டாமவர் ஆதாரமாகக் காட்டுவது 2 நாளாகமம் 21:12, யூதாவின் ராஜா யோராமுக்கு எலியா எழுதிய நிருபம். எலியா எடுக்கப்பட்ட பிறகுதான் அது வந்தது என்பது அவர் கணக்கு. தகப்பன் யோசபாத் ராஜாவாக இருக்கும்போதே யோராம் ஆளத் தொடங்கினான் என்று 2 இராஜாக்கள் 8:16 சொல்வதால், எலியா எடுக்கப்படுமுன்பே அதை எழுதி வைத்திருக்கலாம் என்பது என் ஊகம்.

எபிரெய மூலம் தெரிந்தவர்கள், அந்த 'வானம்' என்ற சொல்லை எப்படிப் புரிந்துகொள்வது என்று சொல்லுங்கள். சனிக்கிழமைக்குள் கிடைத்தால் நல்லது. சபைச் சண்டை மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.