செதில் எண்ணத் தெரிந்தால்தான் பாம்பு தெரியுமா?

வரப்போரம்:
போன வாரம் ஒரு விலங்கியல் பேராசிரியரின் பேச்சைக் கேட்கப் போயிருந்தேன். பதினோரு வருடமாக எங்கள் வயலில் கண்ட பாம்புகளை நோட்டில் குறித்து வருகிறேன் என்றேன். "அதெல்லாம் தரவு ஆகாதுங்க" என்று சிரித்துவிட்டுப் போனார். அப்படியா? ஃபுளோரிடாவில் பர்மா மலைப்பாம்புகளைக் கண்டுபிடிக்க முடியாமல் திணறியபோது, 2017இல் அந்த ஊர்ப் பல்கலைக்கழகமே செங்கல்பட்டு மாவட்டத்தில் பாம்பு பிடிக்கும் இருளர் பழங்குடியினர் வடிவேல் கோபாலையும் மாசி சடையனையும் வரவழைத்தது. இரண்டு வாரத்துக்குள் 13 பாம்பு. அதில் ஒன்று, கைவிடப்பட்ட ஏவுகணைத் தளத்தில் கிடந்த 16 அடிப் பெண் பாம்பு. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. எந்தக் கல்லூரியில் படித்தார்களாம்?

செதில்எண்ணி:
பிடிப்பது வேறு, ஆராய்வது வேறு. சாரையும் நல்லபாம்பும் பின்னிக்கொண்டு இணைசேரும் என்று ஊரே சத்தியம் செய்யும், "என் கண்ணால பார்த்தேன்" என்று. பார்த்தது உண்மைதான். ஆனால் அங்கே இருப்பது இரண்டும் சாரை, இரண்டும் ஆண். நடப்பது மல்யுத்தம். கண் பொய் சொல்லவில்லை, கதையை நாம் சேர்த்துக்கொண்டோம்.

வரப்போரம்:
ஊர்க்கதையை என் தலையில் கட்டாதீர்கள். 2020இல் இமாச்சலத்தின் சம்பாவில் ஒருவர் வீட்டுப் பக்கம் கண்ட பாம்பைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டார். அடுத்த வருடமே அது புதிய குக்ரி பாம்பு இனம் என்று அறிவித்தார்கள். முதலில் பார்த்தது யார்?

செதில்எண்ணி:
அவரும் முதுகலை மாணவர்தான் ஐயா. அந்தப் படத்தோடு விட்டிருந்தால் அது நாலு லைக் வாங்கியிருக்கும், அவ்வளவுதான். செதில் எண்ணி, டிஎன்ஏ பார்த்த பிறகுதான் இனம் ஆனது. ராஜநாகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே இனம் என்று நினைத்திருந்தது நான்கு என்று 2024இல்தான் பிரித்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பது 'காளிங்கா'.

வரப்போரம்:
அந்தப் பெயரே கர்நாடகத்து ஊர்க்காரர்கள் ராஜநாகத்தைக் கூப்பிடும் பெயர்தானே! பெயர் மட்டும் எங்களிடம் வேண்டும்.

ஏரிக்கரை:
நடுவே நுழைகிறேன். என் மாமாவுக்குப் பாம்பு பிடிப்பதில் முப்பது வருடப் பழக்கம். ஒரு நாள் ராத்திரி, விஷமில்லாத வெறும் ஓநாய்ப் பாம்பு என்று கையில் எடுத்தது கட்டுவிரியன். ஒரு வாரம் ஐசியூ, பிழைத்தார். ஓநாய்ப் பாம்புக்குப் பட்டை கழுத்தருகே தொடங்கி வால் பக்கம் மங்கும். கட்டுவிரியனுக்குக் கழுத்தைவிட்டுக் கொஞ்சம் தள்ளித் தொடங்கும், முதுகின் நடுவரிசைச் செதில்கள் அறுகோணமாகப் பெரிதாக இருக்கும். அந்த வரிசையைப் பார் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது புத்தகம், மாமா இல்லை.

ஆனால் செதில்எண்ணிக்கும் ஒரு கேள்வி. வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு பாம்பை மூன்று வாரம் போல வைத்து, பாம்புக்கடி மருந்துக்காக நான்கு முறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் சின்ன வெட்டு போட்டுக் காட்டில் விடுவார்கள். அதே பாம்பு மறுபடி வந்தால் வெட்டைப் பார்த்தே தெரிந்துவிடும். இது தரவு இல்லாமல் என்னவாம்?

செதில்எண்ணி:
தரவுதான், மறுக்கவே இல்லை. வரப்போரம், உங்கள் நோட்டில் பாம்பே தென்படாத இரவுகள் இருக்கின்றனவா?

வரப்போரம்:
இல்லை. கண்டதைத்தான் எழுதுவேன். காணாததை எவன் எழுதுவான்?

செதில்எண்ணி:
சரி, 2015இல் இருபது சாரை, போன வருடம் ஆறு என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது சாரையா, நீங்கள் வரப்பில் நடந்த இரவுகளா?

வரப்போரம்:
...முழங்கால் வலி வந்தபிறகு நடை குறைந்தது உண்மைதான். இதை அந்தப் பேராசிரியர் அன்றைக்கே கேட்டிருந்தால் மறுநாள் காலையில் நோட்டோடு போய் அவர் வாசலில் நின்றிருப்பேன். மனிதர் சிரித்தாரே.