மூட்டுவாத மாத்திரையும் காய்ச்சல் சிரப்பும்: எங்களுக்கு நடந்தது

திருச்சி அம்மா:
மகளுக்கு ஆறு வயது, 18 கிலோ. போன வருஷம் வலது முட்டி வீங்கியது. காலையில் எழுந்ததும் காலை நீட்டவே மாட்டாள். பத்து மணிக்கு மேல் ஓடுவாள். எங்கோ விழுந்திருப்பாள் என்றுதான் நினைத்தோம். ஆறு வாரம் தாண்டியும் வீக்கம் வடியவில்லை. குழந்தைகளுக்கான மூட்டுவாத டாக்டர் பார்த்துவிட்டு ஜே.ஐ.ஏ., அதாவது சிறுவயதிலேயே வரும் மூட்டுவாதம் என்றார். வீக்கத்தையும் வலியையும் குறைக்கும் நாப்ராக்சன் 250 மி.கி. மாத்திரையில் அரை, இருவேளை, சாப்பிட்ட பிறகு. நன்றாகவே கேட்டது.

ஜூன் மாதம் காய்ச்சல், கூடவே வாந்தி. மருந்துக்கடையில் காய்ச்சல் சிரப் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். நாப்ராக்சனையும் நிறுத்தவில்லை. இரண்டாம் நாள் பிள்ளை சோர்ந்து கிடந்தாள், காலையிலிருந்து சிறுநீரே போகவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தால் ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறியிருந்தது; சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ஏறும் கழிவு அது. அந்த சிரப்பில் பாராசிட்டமாலோடு இபுபுரூஃபனும் இருந்திருக்கிறது. அதுவும் நாப்ராக்சனும் ஒரே வகை. மெஃபெனமிக் ஆசிடும் அப்படித்தானாம். உடம்பில் நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் போய்ச் சேர புராஸ்டகிளாண்டின் என்ற பொருள்தான் கைகொடுக்கிறது. இந்த மருந்துகள் அதைத்தான் தடுக்கின்றன. ட்ரிப்ஸ் ஏற்றி, இரண்டையும் நிறுத்தி, ஒரு வாரத்தில் சரியானது. அந்த வாரம் நான் தூங்கவே இல்லை.

இப்போது காய்ச்சல் என்றால் பாராசிட்டமால் மட்டும் உள்ள சிரப்தான், லேபிளைப் படித்த பிறகுதான். வாந்தி, பேதி என்றால் நாப்ராக்சனை நிறுத்திவிட்டு டாக்டருக்குப் போன்.

மதுரை அப்பா:
அக்கா, நாங்கள் செய்தது நேர்மாறு. "கிட்னி போயிடும்" என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்த, இதே நோய் உள்ள மகனுக்கு வீக்க மாத்திரையை நாங்களாகவே நிறுத்தினோம். எண்ணெய் தேய்த்துக்கொண்டே நாலு மாதம் ஓட்டினோம். முட்டி மடங்கியபடியே இறுகிவிட்டது. இப்போது நோயையே அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்து வாரம் ஒரு முறை, தினமும் பிசியோதெரபி. வீக்க மாத்திரை வலியையும் வீக்கத்தையும்தான் அடக்கும், மூட்டு அரித்துச் சேதமாவதைத் தடுக்காது என்று அப்புறம்தான் தெரிந்தது. ரத்தப் பரிசோதனையைத் தவறவிடுவதில்லை. ஒருமுறை ஹீமோகுளோபின் இறங்கியதை அதில்தான் கண்டுபிடித்தார்கள், வீக்க மாத்திரையால் வந்த வயிற்றுப் புண்.

கண்ணைக் காட்டுகிறீர்களா அக்கா? இந்த நோயில் சிவப்போ வலியோ இல்லாமலே கண்ணுக்குள் அழற்சி வரும். எங்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

திருச்சி அம்மா:
ஆஸ்பத்திரி அலைச்சலில் அது விட்டே போச்சு தம்பி. திங்கட்கிழமை கூட்டிப் போகிறேன்.