மறு: கொடியா, இலச்சினையா, உம்மையா?

அன்பர்களே,
திங்கட்கிழமை சி ஷார்ப் நிரல்மொழிப் பாடம் அச்சுக்குப் போகிறது. ஃபிளாக்ஸ் ஈனம் (flags enum: பல தேர்வுகளுக்குப் பெயரிட்டு ஒரே எண்ணில் அடக்கும் தொகுதி) என்பதற்கு ஒரு சொல் வேண்டும். படி = 1, எழுது = 2, இயக்கு = 4 என்று ஆளுக்கொரு பிட் (இரும எண்ணின் ஓர் இலக்கம்) கொடுத்து, முதல் இரண்டும் வேண்டுமென்றால் 3 என்று வைப்போமே, அதுதான். ‘கொடித்தொகுதி’ என்று எழுதினேன். முல்லைக்கொடியா என்று கேட்கிறார்கள் பிள்ளைகள்.
– ந.

முதலில் அதை ஈனம் என்று எழுதாதீர்கள், ஈனமாக இருக்கிறது. சோழர் செப்பேட்டு முத்திரையைப் பாருங்கள். புலி, இரட்டைக் கயல், வில் மூன்றும் ஒரே வட்டத்துக்குள். மூன்று கொடி, ஒரே மதிப்பு: 7! ஆகவே ‘இலச்சினை’. வடசொல் என்று சண்டைக்கு வருவோர் வரட்டும்.
– த.

புலி அருமை ஐயா. ஆனால் பிள்ளைகள் தடுக்கி விழுவது பெயரில் இல்லை, ‘படி | எழுது’ என்பதில் நடுவே நிற்கும் கோட்டில். அதற்கு ‘அல்லது’ என்று சொல்லிக் கொடுத்துவிட்டோம். படிக்கலாம், இல்லாவிட்டால் எழுதலாம் என்று புரிந்துகொள்கிறான். சொல்ல வருவதோ படிக்கவும் எழுதவும். இராப்பகல் மாதிரி உம்மைத்தொகை! அதையே பெயராக வையுங்கள். அப்புறம், தொகுதியின் பெயர் ‘உரிமைகள்’ என்று பன்மையில் இருக்கட்டும். அடுத்து வரும் 8க்குப் பதில் 1 << 3 (1ஐ மூன்று இடம் இடப்பக்கம் தள்ளு) என்று எழுதினால் எந்த பிட் என்பது கண்ணில் படும். 0க்கு ‘ஏதுமில்லை’.
– க.

தொகையில் உம் மறைய வேண்டும். உங்கள் கோடு நட்ட கம்பம் போல நிற்கிறதே! அப்படியானால் எண்ணும்மை. எண்ணுப்பொருளில் ‘நிலனெனா நீரெனா’ என்று எனாவும் வரும். எனா, ஈனம்... ஒலியைக் கவனித்தீர்களா?
– த.

கவனித்தோம். பிழை வந்தால் ‘எண்ணும்மை’ என்று யார் தேடப்போகிறார்கள்? ஃபிளாக் என்றே விடுங்கள். ஈனத்துக்கு மேலே [Flags] என்ற பண்புக்கூறைப் (attribute) போட்டால், அச்சிடும்போது 3 என்று வராமல் ‘படி, எழுது’ என்றே வரும். அதைச் சொல்லிக்கொடுங்கள், போதும்.
– ம.

நேரமில்லை. தனிமடலில் மூன்று பேர் ‘குறித்தொகுதி’க்குச் சரி என்றார்கள், அதையே அனுப்பிவிட்டேன். ‘கோட்டை இங்கே உம் என்று வாசிக்கவும்’ என்று அடிக்குறிப்பும் சேர்த்தாயிற்று.
– ந.

குறி என்றால் வகுப்பில் சிரிப்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. எனா பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.
– த.