மூன்று அரியர், எவ்வளவு வரும்?

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கம். அப்பா ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். நான் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தபோது, மூன்றாவது செமஸ்டர் ரிசல்ட்டில் மூன்று பாடங்களுக்கு நேரே 'ஆர்.ஏ.' என்று இருந்தது. மறுபடி எழுத வேண்டும் என்பதற்கான குறி அது.

ஃபெயில் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அப்பா திண்ணையில் உட்கார்ந்து, மரத்தில் உறைந்துபோன ஒட்டுப்பாலில் ஒட்டியிருந்த பட்டைத் துணுக்குகளை நகத்தால் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தார். "மூணு அரியர் இருக்குப்பா" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எவ்வளவு மக்களே வரும்?"

பக்கத்து வீட்டு ரிட்டயர்டு சாருக்கு அந்த வாரம்தான் அகவிலைப்படி அரியர் வந்திருந்தது. எனக்கும் ஏதோ பணம் வரப்போகிறது என்று அப்பா நினைத்துவிட்டார். எனக்குத் தொண்டை அடைத்தது. ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டேன்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் அந்தச் சொல்லைத் தேடிப் படித்தேன். லத்தீனில் 'ஆட்' என்றால் நோக்கி, 'ரெத்ரோ' என்றால் பின்பக்கம். இரண்டும் சேர்ந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'அரியர்ஸ்' என்று பன்மையில்தான் வரும். வாடகை, கடன், சம்பளம் என்று கொடுக்க வேண்டியது கொடுபடாமல் பின்தங்கிக் கிடந்தால் அது அரியர்ஸ். பரீட்சையில் போன பாடத்தை அப்படிச் சொல்வது நம் ஊர்க் கல்லூரி வழக்கு. லண்டனில் போய் மூன்று அரியர் என்றால் மூன்று மாத வாடகை நிற்கிறது என்றுதான் நினைப்பார்கள். ஆக, சரியான பொருளில் புரிந்துகொண்டவர் அப்பாதான்.

ஃபெயிலின் பூர்வீகம் வேறு. அது லத்தீன் 'ஃபல்லெரே'யிலிருந்து வந்தது. ஏமாற்றுவது என்று பொருள். பொய்யைக் குறிக்கும் 'ஃபால்ஸ்', குற்றத்தைக் குறிக்கும் 'ஃபால்ட்' எல்லாம் அதே வேர்தான். படிக்கிற பிள்ளைகள் மேல் போடுகிற சொல்லா அது? எனக்கு இன்றும் மனசு ஒப்பவில்லை.

மறுநாள் காலை பால் எடுத்துவிட்டு வந்த அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். வாளியை இறக்கி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். ரப்பர் கடையில் முன்பணம் வாங்கி, ஷீட் கொடுத்துக் கொடுத்துக் கழிப்பவர் அவர்.

"அப்போ பாக்கிதான மக்களே. தோக்கல்லியே?"

"பாக்கிதான்பா."

"அப்போ குடுத்துரலாம்."

2020 ஆகஸ்டில், கட்டணம் கட்டியிருந்தவர்களுக்கு அரியர் பாடங்களில் தேர்ச்சி என்று அரசு அறிவித்தபோது, எங்கள் ஊர் டீக்கடையில் எல்லார் வாயிலும் இந்தச் சொல் அடிபட்டது. என்னுடையது அதற்கு முன்பே முடிந்துவிட்டது. இரண்டு பாடத்தை அடுத்த மே மாதமே எழுதித் தேறிவிட்டேன். கணக்கு மட்டும் இழுத்தது. அந்த நாட்களில் யாராவது என் படிப்பைப் பற்றிக் கேட்டால் அப்பா குரலைத் தாழ்த்தாமல் சொல்வார்: "ஒரு பேப்பர் பாக்கி கெடக்கு. நவம்பர்ல குடுத்துருவான்."