விடுதித் தளத்தின் முகப்பில் முப்பரிமாணக் கடல் வேண்டுமா?

கடலோரன்

மொரீஷியஸின் எபெனில் ஒரு டிஜிட்டல் நிறுவனத்தில் நிரலராக இருக்கிறேன். கிழக்குக் கரை விடுதி ஒன்றின் வலைத்தளத்தைப் புதிதாகச் செய்துதரும் வேலை எங்களிடம் வந்திருக்கிறது. வடிவமைப்புக் குழுவின் யோசனை இது: தளத்தைத் திறந்ததும் திரை முழுக்கக் காயல், விரல் பட்ட இடத்தில் அலை வளையம், கீழே உருட்ட உருட்ட நீருக்குள் இறங்கிப் பவளப்பாறை, மீன் கூட்டம், கடைசியில்தான் அறைகள். எல்லாம் வெப்ஜிஎல், அதாவது உலாவிக்குள்ளேயே முப்பரிமாணக் காட்சி வரையும் முறை. இத்தனையும் இறங்கி முடியும்வரை நூறு வரை எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு காத்திருப்புத் திரை வேறு.

நான் எதிர்க்கிறேன். விடுதித் தளத்துக்கு வருகிறவர் தேதி, அறை, விலை மூன்றையும் தேடி வருகிறார். அவர் விரலில் இருக்கும் உருட்டலைப் பிடுங்கி நம் இஷ்டத்துக்கு ஓட்டுவது எனக்குச் சம்மதமில்லை. முதல் பக்கமே பதினான்கு மெகாபைட் வருகிறது. நல்ல பக்கம் என்றால் திரையின் பெரிய படமோ எழுத்தோ 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும், தொட்டதற்குப் பதில் 200 மில்லி நொடிக்குள் வர வேண்டும் என்று கூகுள் அளவு வைத்திருக்கிறது. காத்திருப்புத் திரை வைத்தால் முதல் அளவிலேயே தோற்றுவிடுவோம். இதே தொழிலில் இருப்பவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

நீலக்காயல்

நான் வேறு நிறுவனத்தில் வடிவமைப்பாளர். உங்கள் வடிவமைப்புக் குழுவின் பக்கம்தான் நிற்கிறேன்.

நம் தீவின் விடுதித் தளங்களில் பத்தை வரிசையாகத் திறந்து பாருங்கள். மேலே அகலமான கடற்கரைப் படம், அதன்மேல் தேதிப் பெட்டி, கீழே அறை, உணவு, ஸ்பா என்று மூன்று கட்டம். பெயர்ப்பலகையை மறைத்துவிட்டால் எது எந்த விடுதி என்று அதன் மேலாளருக்கே தெரியாது. பாரிஸில் உட்கார்ந்து மாலத்தீவு, சீஷெல்ஸ், மொரீஷியஸ் மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து வைத்திருப்பவர் இன்னும் விலைக்கு வரவில்லை. எந்தக் கடல் என்றே அவர் முடிவு செய்யவில்லை. அவருக்கு முதலில் காட்ட வேண்டியது அட்டவணை அல்ல.

அசைவை அலங்காரம் என்று நினைப்பதால்தான் இந்தச் சண்டை வருகிறது. ஒரு பொருள் எங்கிருந்து வந்தது, எங்கே போனது, எதோடு சேர்ந்தது என்பதைச் சொல்லாமல் சொல்வது அசைவு. டிஸ்னி ஓவியர்கள் ஃபிராங்க் தாமஸும் ஓலி ஜான்ஸ்டனும் 1981இல் எழுதிவைத்த பன்னிரண்டு கோட்பாடுகளில், மெல்லத் தொடங்கி மெல்ல நிற்பது ஒன்று. அறைப் படத்தைத் தொட்டதும் அது அங்கிருந்தே விரிந்து முழுப்பக்கமானால், திரும்பிப் போகும் வழி கண்ணுக்கே தெரிந்துவிடும். திடீரென்று பக்கம் மாறினால் பார்ப்பவர் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எபெனில் நாம் செய்யும் வேலையில் பெரும்பகுதி பாரிஸ் நிறுவனங்கள் வடிவமைத்து அனுப்புவதை நிரலாக்கித் தருவது. கோடையில் இரண்டு மணி, குளிர்காலத்தில் மூன்று மணி நேர வித்தியாசம், பிரெஞ்சு தெரியும், கூலி குறைவு. அதற்காகத்தான் நம்மிடம் வருகிறார்கள். நம் கையால் கற்பனை செய்து, நம் பெயர் போட்டு ஒரு தளம் வெளியே போனால்தான் அந்த நிலை மாறும். வலைத்தள வடிவமைப்புக்கு விருது கொடுக்கும், 2009 முதல் நடக்கும் அவ்வார்ட்ஸ் மாதிரியான இடங்களில் உலகம் முழுவதும் உள்ள வாடிக்கையாளர்கள் ஆள் தேடுகிறார்கள். அங்கே தெரிய வேண்டும் என்று ஆசைப்படுவதில் என்ன தவறு?

கடலோரன்

ஆசையில் தவறில்லை. ஆனால் அதே அவ்வார்ட்ஸ் மதிப்பெண்ணில் வடிவமைப்புக்கு 40 விழுக்காடு, பயன்பாட்டு எளிமைக்கு 30, கற்பனைக்கு 20, உள்ளடக்கத்துக்கு 10. அந்த 30ஐப் பற்றி எங்கள் கூட்டத்தில் யாரும் பேசவில்லை. விடுதிக்காரர் கொடுக்கும் பணத்தில் நம் பெயரை வளர்ப்பது நேர்மையா என்றும் கேட்கிறேன்.

பழைய கை

இருவருக்கும் வணக்கம். நான் ஃப்ளாஷ் காலத்து ஆள், வலைத்தள அசைவூட்டத்துக்கு அன்று அந்த மென்பொருள்தான். கடலோரன் சொல்வதைக் கேட்கும்போது அந்தக் காலத்து விவாதம் அப்படியே காதில் ஒலிக்கிறது.

1996இல் வேறு பெயரில் வந்து, மேக்ரோமீடியாவிடம் போய், 2005இல் அடோபி கைக்கு மாறியது ஃப்ளாஷ். அப்போது ஒவ்வொரு விடுதித் தளத்துக்கும் ஓர் அறிமுகப் படம் இருக்கும். ஓரத்தில் அதைத் தாண்டிப்போக ஒரு பொத்தான். பெரும்பாலானோர் முதலில் அழுத்தியது அந்தப் பொத்தானைத்தான் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்தது. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் பகிரங்கக் கடிதம் எழுதி ஐபோனில் அதற்கு இடமில்லை என்றார். 2020 டிசம்பர் 31உடன் அடோபி கைவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் அந்தக் கோப்புகள் ஓடவே மறுத்தன.

இதிலிருந்து 'அசைவூட்டம் தோற்றது' என்று பாடம் எடுப்பவர்கள் தவறாக எடுக்கிறார்கள். ஒரு நிறுவனத்தின் பூட்டிய பெட்டியாக இருந்தது, மின்கலத்தைத் தின்றது, பாதுகாப்பு ஓட்டைகள் ஓயவில்லை, தொடுதிரைக்கு ஒத்துவரவில்லை. அதனால்தான் போனது. இன்று வெப்ஜிஎல் உலாவியின் உள்ளேயே இருக்கிறது. 2011இல் வெளியான பொதுத் தரம். அதை எளிதாக எழுத உதவும் த்ரீ ஜேஎஸ் என்ற நிரல் நூலகம் 2010 முதல் இலவசம். அசைவூட்டத்துக்கான ஜீசாப் நூலகம் 2025இல் முழுக்க இலவசமாகிவிட்டது. உருட்டலோடு சேர்ந்து நகரும் அசைவை 2023 முதல் குரோமில், பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ் மட்டும் வைத்தே எழுதலாம்.

ஆனால் அடியில் உண்மையான பக்கம் இருக்க வேண்டும். அறையின் பெயரும் விலையும் எழுத்தாக, தேடுபொறியும், பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக்காட்டும் திரைவாசிப்பானும் படிக்கும்படி இருக்க வேண்டும். அதன்மேல் கடலை ஊற்றுங்கள். ஃப்ளாஷில் நாங்கள் செய்தவற்றில் எழுத்தும் படத்தோடு பெட்டிக்குள் போனது. பெட்டி மூடியபோது இரண்டும் போயின. ரஃபிள் என்ற மென்பொருளைக் கொண்டு சிலர் அவற்றை மீட்டு வருகிறார்கள் என்பது ஓர் ஆறுதல்.

மோகா ஆசிரியை

நான் தொழில்நுட்பத்தில் இல்லை. உள்காது நோய் உள்ளவள் என்பதால் எழுதுகிறேன். பின்னணி ஒரு வேகத்திலும் முன்னால் உள்ள எழுத்து வேறு வேகத்திலும் நகரும் பக்கத்தைத் திறந்தால் எனக்குத் தலை சுற்றும். சில நேரம் வாந்தி வரும். அன்று முழுவதும் பாடம் எடுக்க முடியாது. திரை நீருக்குள் இறங்கும் என்று நீங்கள் விவரித்ததைப் படித்ததுமே பயமாக இருந்தது.

என் நோய் அபூர்வமானது அல்ல. 2013இல் ஐபோனின் ஏழாவது இயங்குதளம் பெரிய பெரிய அசைவுகளோடு வந்தபோது பலர் இதே குறை சொன்னார்கள். அசைவைக் குறைக்கும் வசதி இன்று பெரும்பாலான திறன்பேசிகளில் இருக்கிறது. அதை நான் இயக்கி வைத்திருப்பதை வலைத்தளம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். 2017இல் சஃபாரி உலாவி இதைத் தொடங்கிவைத்தது. பாதிக்கு மேற்பட்ட நேரம் நான் போகும் தளங்கள் கேட்பதில்லை.

உடல்நலக் குறை உள்ளவர்களும் வலைத்தளங்களைப் பயன்படுத்த வழிசொல்லும் உலக அணுகல்தன்மை வழிகாட்டியிலும் இது இருக்கிறது. தானாகத் தொடங்கி ஐந்து நொடிக்கு மேல் மற்ற உள்ளடக்கத்தோடு ஓடும் அசைவை நிறுத்த வழி இருக்க வேண்டும். எதுவும் நொடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடக் கூடாது. உங்கள் விருந்தினர்கள் பிரான்ஸிலிருந்தும் ரீயூனியனிலிருந்தும் வருகிறார்கள். இரண்டும் ஐரோப்பிய ஒன்றியம். அங்குள்ள நுகர்வோருக்கு இணையத்தில் விற்பவர்களைத் தொடும் அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடப்பில் இருக்கிறது. நீலக்காயல் அம்மா, உங்கள் காயலில் எனக்கு என்ன இடம்?

நீலக்காயல்

டீச்சர், கேட்டது சரியான கேள்வி. அசைவைக் குறைக்கச் சொன்னவருக்கு நான் அசைவை அறுத்துப்போடுவதில்லை, மாற்றுகிறேன். இறங்கும் காட்சிக்குப் பதில் ஒரு படம் மங்கி அடுத்த படம் தெளியும். அலை வளையம் இருக்காது. தொட்ட இடம் நிறம் மாறும். அதே விடுதி, அதே நிறங்கள். உங்களுக்கென்று வெறுமையான பக்கத்தைக் கொடுத்தால் அது அவமதிப்பு.

கடலோரன்

தாளில் அழகாக இருக்கிறது. நடைமுறையில் கெடு நெருங்கும்போது முதலில் வெட்டப்படுவது அந்த மாற்றுக் காட்சிதான். ஒப்பந்தம் மொத்தத் தொகைக்கு. இரண்டு வடிவம் செய்தாலும் ஒரு கூலி.

கணக்கையும் பாருங்கள். நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லி நொடி. பக்கத்தின் அமைப்பைத் தொடாமல் தோற்றத்தை மட்டும் நகர்த்துவது, பெரிதாக்குவது, மங்கச் செய்வது என்றால் உலாவி பக்கத்தை மறுபடி அளக்காமல் செய்துவிடும். அமைப்பிலேயே அகலம், உயரம், இடம் ஆகியவற்றை அசைத்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் பக்கம் மறுபடி அளக்கப்படுகிறது, அங்கேதான் திக்கும். வெப்ஜிஎல் நீர்ப்பரப்போ ஒவ்வொரு புள்ளிக்கும் வரைகலைச் செயலியைக் கேட்கிறது. வடிவமைப்பாளர் மேசையில் இருக்கும் மடிக்கணினியில் அது பட்டுப்போல் ஓடும். ரோஸ் ஹில்லில் மெட்ரோ ஏறுகிறவர் கையில் இருக்கும் நடுத்தர ஆண்ட்ராய்டில் ஓடுகிறதா என்று யார் பார்த்தார்கள்? விடுதியில் ஞாயிறு விருந்துக்கு மேசை பதிவு செய்யும் உள்ளூர்க் குடும்பமும் வாடிக்கையாளர்தானே.

கோவில் தொண்டர்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் கோவில் தளத்தைத் தைப்பூசக் காவடிக்கு முன்பு ஒரு நிறுவனம் புதிதாகச் செய்துகொடுத்தது. தலைப்பு ஒவ்வோர் எழுத்தாக மேலிருந்து விழுந்து சேரும் என்றார்கள். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அழகாக விழுந்தது. தமிழில் 'கோவில்' என்பது சிதறிப்போனது. முதலில் வெறும் 'க' விழுந்தது. பிறகு அதன் கொம்பும் காலும், நடுவில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தோடு தனியாக விழுந்தன. 'வி'யின் கொக்கியும் 'ல்'லின் புள்ளியும் அதே கதி. பார்த்த பெரியவர்கள் முகம் சுருங்கியது. ரூபாய் நோட்டிலேயே தமிழ் எழுத்து அச்சாகும் நாடு இது. காவடி நாள் பொது விடுமுறை. அந்த நாளுக்கான பக்கத்தில் இப்படி ஆகலாமா?

பழைய கை

ஐயா, காரணம் எளியது. கணினிக்கு 'கோ' இரண்டு குறியீடு: 'க', பிறகு ஓகாரக் குறி. எழுத்தைப் பிரிக்கும் நிரல் குறியீடு குறியீடாக வெட்டினால் குறி அநாதையாகும். தாங்கும் எழுத்து இல்லாத குறிக்கு உலாவி அந்தப் புள்ளிவட்டத்தைப் போடும். இதற்குத் தீர்வு இருக்கிறது. பார்ப்பவர் ஓர் எழுத்தாகக் காண்பதை ஓர் எழுத்தாகவே வெட்டித்தரும் வசதி, உலாவியில் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் உண்டு. குரோமில் 2020இல் வந்தது, 2024இல் ஃபயர்ஃபாக்ஸும் சேர்ந்ததால் எங்கும் நம்பிப் பயன்படுத்தலாம். அப்போதும் 'ஸ்ரீ', 'க்ஷ' இரண்டும் உடையும், ஏனெனில் அந்த விதி அவற்றை இரண்டிரண்டாகவே எண்ணுகிறது. கோவில் தளத்தில் 'ஸ்ரீ' இல்லாமல் இருக்காது. அவற்றைக் கையால் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நீலக்காயல்

தமிழுக்கு நான் சொல் சொல்லாகத்தான் அசைப்பேன். சொல் முழுதாக எழும்பி வருவது நம் எழுத்தின் வளைவுகளுக்குப் பொருத்தமாகவும் இருக்கிறது. அந்த நிறுவனம் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் ஒரு முறை காட்டியிருந்தாலே போதும்.

கடலோரன், உங்கள் மெட்ரோக் கேள்விக்கு என் பதில்: காயலின் ஒரு நிலைப்படத்தை முதலில் அனுப்புங்கள், அதன்மேல் தேதிப் பெட்டி உடனே வேலை செய்யட்டும். காத்திருப்புத் திரை வேண்டாம், அதை நானும் விரும்பவில்லை. முப்பரிமாணக் கோப்புகள் பின்னால் இறங்கி, தயாரானதும் நிலைப்படத்தின் இடத்தில் உயிர்பெறட்டும். ஃபிரேம் குறைந்தால் நிரலே அலையின் நுணுக்கத்தைக் குறைத்துக்கொள்ளட்டும். உருட்டல் விருந்தினர் கையிலேயே இருக்கட்டும். கடல் அதைப் பின்தொடரட்டும். ஆனால் கடலை முழுக்க எடுத்துவிடச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த விடுதியில் இருப்பது அந்தக் காயல்தான், மற்றதெல்லாம் எங்கும் கிடைக்கும்.

மோகா ஆசிரியை

நன்றி அம்மா. இன்னொரு வேண்டுகோள். அசைவை நிறுத்தும் பொத்தானைப் பக்கத்திலேயே வையுங்கள். தொலைபேசியின் அமைப்புக்குள் அந்த வசதி இருப்பது என் வயதுக்காரர்கள் பலருக்குத் தெரியாது.

கடலோரன்

நிலைப்படம் முதலில், காத்திருப்புத் திரை கிடையாது, உருட்டலைத் தொடுவதில்லை, நிறுத்தும் பொத்தான் கண்முன்னே. இந்த நான்கும் இருந்தால் என் எதிர்ப்பில் பாதி போய்விடும். மீதிப் பாதி காசு. நடுத்தர ஆண்ட்ராய்டில் சோதிக்கும் நாட்களும், அசைவு குறைந்த வடிவமும், அடுத்த மூன்று ஆண்டுப் பராமரிப்பும் விலைப்பட்டியலில் தனித்தனி வரியாக வர வேண்டும். நூலகம் மாறும், உலாவி மாறும். செய்தவர் வேலை மாறிப் போய்விடுவார். அந்த மூன்று வரிகளோடு விடுதிக்காரர் கையெழுத்திட்டால் காயலை நானே எழுதித் தருகிறேன். விலை கூடுகிறது என்று அவற்றில் ஒன்றை அடித்தால், அடிக்க வேண்டியது காயலைத்தான். நீலக்காயல், உங்கள் நிறுவனத்து விலைப்பட்டியலில் அந்த வரிகள் இருக்கின்றனவா?

நீலக்காயல்

சோதனைக்கு இருக்கிறது. பராமரிப்புக்கு ஓராண்டு இருக்கிறது. அசைவு குறைந்த வடிவத்துக்குத் தனி வரி இல்லை. வடிவமைப்புத் தொகைக்குள்ளேயே வைக்கிறோம். தனியாக எழுதினால்தான் அதை வெட்டச் சொல்வார்கள். அது விலை பேசும் பொருளாகவே ஆகக் கூடாது என்பது என் எண்ணம். அங்கே உங்களோடு உடன்படவில்லை.