வேர்டில் கருப்புப் பக்கமா, வெள்ளைப் பக்கமா: மெய்ப்புப் பார்க்க எது தோது?

ஒற்றெழுத்து (கேள்வி)

தமிழ் நூல்களுக்கு மெய்ப்புப் பார்க்கும் வேலை. ஒரு கோப்பு 200, 300 பக்கம் வரும். டிராக் சேஞ்சஸ் (திருத்தங்களைக் கோப்பிலேயே பதிவு செய்யும் வசதி) போட்டபடியே திருத்த வேண்டும், அநேகமாக இரவில். மடிக்கணினியில் விண்டோஸ் 11, வேர்டு 365. மேசைக் கணினியில் லினக்ஸ், லிப்ரெ ஆபீஸ் 24.8.

டார்க் மோடில் திருத்தி அனுப்பினால் வாங்குகிறவருக்கும் கருப்பாகத்தான் தெரியுமா? கைக்கு வந்துள்ள ஒரு கோப்பில் பக்கம் கருப்பு, எழுத்து வெள்ளை. வேர்டின் தீம் என்கிற தோற்ற அமைப்பை எப்படி மாற்றினாலும் அது மட்டும் அசைய மாட்டேன் என்கிறது. லிப்ரெயில் வேறு சிக்கல்: இணையத்திலிருந்து ஒட்டிய பத்திகள் டார்க் மோடில் காணவில்லை, ஆனால் அச்செடுத்தால் வருகின்றன.

இதெல்லாம் சரியானாலும், ஒற்றுப்பிழை தேட எந்தப் பின்னணி நல்லது என்பதுதான் முக்கியக் கேள்வி. "கண்ணுக்கு இதம்" என்பதற்கு மேல் யாரும் எதுவும் சொல்வதில்லை.

---

விசைப்பலகை

நீங்கள் இரண்டு வெவ்வேறு கருப்புகளைப் பார்த்திருக்கிறீர்கள். ஒன்று திரைக்கு மட்டும் போட்ட கருப்பு. மற்றது கோப்புக்குள் எழுதப்பட்ட கருப்பு.

திரைக் கருப்பு: ஃபைல் > அக்கவுண்ட் > ஆபீஸ் தீம் > பிளாக். மேலே உள்ள பட்டையோடு பக்கமும் கருக்கும். வேர்டு 2019 வரை பட்டை மட்டும்தான் கருத்தது, பக்கம் வெள்ளையாகவே இருந்தது. 2021-ல் 365-க்குத்தான் இது வந்தது. கோப்பில் இதன் சுவடே இருக்காது. அச்சிலும் பிடிஎஃபிலும் வெள்ளைத் தாள், கருப்பு எழுத்துதான். வாங்குகிறவருக்கு அவருடைய தீம் எதுவோ அப்படித் தெரியும்.

கோப்புக் கருப்பு: டிசைன் > பேஜ் கலர் > கருப்பு. கோப்போடு ஊரெல்லாம் போவது இதுதான். உங்களுக்கு வந்திருப்பதும் இதுதான். ஆபத்து எங்கே என்றால், இப்படிச் செய்கிறவர்கள் பலர் எழுத்தையும் கையால் வெள்ளையாக்கிவிடுவார்கள். பக்க நிறத்தை வேர்டு வழக்கமாக அச்சிடாது. ஆகவே வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்து, அதாவது வெற்றுத்தாள். ஃபைல் > ஆப்ஷன்ஸ் > டிஸ்பிளே போய், பின்னணி நிறத்தை அச்சிடும் கட்டத்தில் டிக் போட்டால் எழுத்து தெரியும், ஆனால் 200 பக்கமும் கருமை பூசி டோனர் காலி.

அதைச் சரிசெய்ய:

முதலில் கண்ட்ரோல் + ஷிப்ட் + இ அழுத்தி டிராக் சேஞ்சஸை அணையுங்கள். மறந்தால் ஒவ்வொரு நிற மாற்றமும் ஒரு திருத்தமாகப் பதிவாகி, உங்கள் உண்மையான ஒற்றுத் திருத்தங்கள் அந்தக் குவியலில் புதைந்துவிடும்.

பிறகு டிசைன் > பேஜ் கலர் > நோ கலர். இப்போது எழுத்து கண்ணுக்குத் தெரியாது, பதற வேண்டாம். கண்ட்ரோல் + எச். ஃபைண்ட் கட்டத்தில் கர்சரை வைத்து, எதுவும் தட்டாமல், மோர் > ஃபார்மேட் > ஃபான்ட் போய் நிறம் வெள்ளை. ரீபிளேஸ் கட்டத்தில் கர்சரை வைத்து அதே வழியில் நிறம் ஆட்டோமேட்டிக். ரீபிளேஸ் ஆல். கொஞ்சம் மிச்சம் நின்றால், நிறப்பலகையில் இரண்டு வெள்ளை உண்டு என்பதுதான் காரணம். மேல் வரிசையில் உள்ள தீம் வெள்ளை ஒன்று, மோர் கலர்ஸில் 255, 255, 255 என்று (சிவப்பு, பச்சை, நீல அளவுகள்) கொடுக்கும் வெள்ளை ஒன்று. இரண்டாவதற்கும் ஒரு சுற்று ஓட்டுங்கள்.

கண்ட்ரோல் + ஏ போட்டு மொத்தமாக ஆட்டோமேட்டிக் ஆக்குவது குறுக்குவழிதான். ஆனால் அடிக்குறிப்புகள் அந்தத் தேர்வில் வராது, வண்ணத் தலைப்புகளும் நிறம் இழக்கும். கண்ட்ரோல் + ஸ்பேஸ் வேண்டவே வேண்டாம். நிறத்தோடு, கையால் போட்ட தமிழ் எழுத்துரு, தடிமன், அளவு எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

---

கட்டற்றவன்

லிப்ரெ பக்கம் நான்.

காணாமல் போன பத்திகள் எங்கும் போகவில்லை. லிப்ரெயின் எழுது செயலியான ரைட்டரில் எழுத்தின் நிறம் ஆட்டோமேட்டிக் என்றிருந்தால் மட்டுமே பின்னணிக்கு ஏற்ப அது கருப்பு வெள்ளையாகப் புரளும். இணையப் பக்கத்திலிருந்து ஒட்டும்போது "இது கருப்பு" என்ற கட்டளை சேர்ந்தே வருகிறது. கருப்பில் கருப்பு. வேர்டின் டார்க் மோடு இப்படிப்பட்ட நிறங்களையும் திரையில் வெளிறச் செய்து காட்டிவிடும், ரைட்டர் சொன்ன நிறத்தை அப்படியே காட்டும். எனக்கு ரைட்டர் செய்வதுதான் நேர்மையாகப் படுகிறது, தொல்லை என்றாலும்.

ஒட்டியதைத் தேர்ந்து, எழுத்து நிறப் பொத்தானின் அம்புக்குறி > ஆட்டோமேட்டிக். பத்திக்குப் பின்னால் வெள்ளைப் பட்டை தெரிந்தால் பக்கத்திலேயே ஹைலைட் பொத்தான் > நோ ஃபில். கண்ட்ரோல் + எம் அழுத்தினால் எல்லா நேரடி வடிவமைப்பும் போய்விடும், மேலே வேர்டுக்குச் சொன்ன அதே எச்சரிக்கை. இனி ஒட்டும்போதே கண்ட்ரோல் + ஆல்ட் + ஷிப்ட் + வி, வெறும் எழுத்து மட்டும் வரும்.

24.8-ல் அமைப்பது: டூல்ஸ் > ஆப்ஷன்ஸ் > லிப்ரெ ஆபீஸ் > வியூ, அங்கே அப்பியரன்ஸ் மோடை டார்க் ஆக்குங்கள். அடுத்து அதே பட்டியலில் அப்ளிகேஷன் கலர்ஸ். அதில் டாக்குமென்ட் பேக்ரவுண்டை முழுக் கருப்பாக விடாமல் 30, 30, 30 கொடுங்கள். ஃபான்ட் கலரை 212, 212, 212 ஆக்குங்கள். 25.2-க்கு ஏறினால் இவையெல்லாம் அப்பியரன்ஸ் என்ற ஒரே பக்கத்தில் இருக்கும். பொத்தான்களின் படங்கள் கருமையில் மறைந்தால் ஐகான் தீமை ஆட்டோமேட்டிக்கில் வையுங்கள்.

இங்கும் கோப்புக் கருப்பு உண்டு: ஃபார்மேட் > பேஜ் ஸ்டைல் > ஏரியா. அதைத் தொடாதீர்கள். யாராவது தொட்டு அனுப்பி, அவசரமாக அச்செடுக்க வேண்டியிருந்தால், ஆப்ஷன்ஸ் > லிப்ரெ ஆபீஸ் ரைட்டர் > பிரின்ட் போய், பேஜ் பேக்ரவுண்டில் டிக்கை எடுத்து, பிரின்ட் டெக்ஸ்ட் இன் பிளாக்கில் டிக் போடுங்கள். கோப்பைத் திருத்தாமலே தாள் சரியாக வரும்.

---

பிக்சல்

அந்த 30-க்கும் 212-க்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். முழுக் கருப்புக்கும் முழு வெள்ளைக்கும் உள்ள ஒளி வேறுபாட்டு விகிதம் (கான்ட்ராஸ்ட்) 21:1. மேலே சொன்ன ஜோடி 11:1. இணைய அணுகல் விதிகள் சாதாரண எழுத்துக்குக் கேட்கும் குறைந்தபட்சம் 4.5:1, ஆகவே குறைத்ததால் நட்டமில்லை. கசிவு குறைகிறது, அதுதான் லாபம்.

கசிவு என்ன என்று பார்க்க ஒரு சோதனை. 'ண்ணை' என்று 11 பாயிண்ட் அளவில், மெல்லிய கோடுள்ள எழுத்துருவில் தட்டுங்கள். முழுக் கருப்பில் முழு வெள்ளை எழுத்தாக வைத்து, நாற்காலியில் சாய்ந்து பாருங்கள். ண-வின் சுழிகள் உள்ளே அடைபட்டது போலவும், மேலுள்ள புள்ளி தன் அளவைவிடப் பெருத்து எழுத்தோடு ஒட்டியது போலவும் தெரியும். இருட்டில் கண்மணி விரிகிறது. விரிந்த கண்மணியில் விழித்திரைப் பிம்பம் கூர்மை இழக்கும். சிதறுபார்வை (அஸ்டிக்மாடிசம்) உள்ளவர்களுக்கு ஒவ்வொரு வெள்ளைக் கோட்டுக்கும் நிழல் ஒன்று சேரும். வெள்ளைப் பின்னணியில் கண்மணி சுருங்குவதால் குவியம் கூர்மைப்படும். சிறிய எழுத்துக்கு, அதுவும் புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதே வேலையாக இருக்கும்போது, இந்த வித்தியாசம் பெரிது.

எனவே என் தீர்ப்பு: தட்டச்சுக்கும் முதல் வாசிப்புக்கும் கருப்பு, ஒற்று தேடும் சுற்றுக்கு வெள்ளை. வேர்டில் இதற்குத் தீம் மாற்ற வேண்டியதில்லை. பிளாக் தீம் இருக்கும்போது வியூ பட்டையில் ஸ்விட்ச் மோட்ஸ் என்ற பொத்தான் வரும். பக்கம் மட்டும் புரளும், பட்டை கருப்பாகவே நிற்கும். அதை வலச்சொடுக்கி குவிக் ஆக்சஸ் டூல்பாரில் முதலாவதாகச் சேர்த்துவிட்டால் ஆல்ட் + 1 போதும். பக்கம் எப்போதும் வெள்ளையாகவே இருக்க வேண்டுமென்றால் ஆப்ஷன்ஸ் > ஜெனரலில், ஆபீஸ் தீமுக்கு அருகே, பக்க நிறத்தை ஒருபோதும் மாற்றாதே என்ற கட்டம் உண்டு.

இரவில் வெள்ளை குத்துகிறது என்றால் பெரும்பாலும் குற்றம் வெள்ளையுடையதல்ல, வெளிச்ச அளவுடையது. மேசை விளக்கின் கீழ் ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரை தாளைவிட ஒளிர்ந்தால் இரண்டும் ஒன்றாகும் வரை குறையுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு டார்க் மோடில் வேலை பார்ப்பது இன்னும் மோசம். ஒரு பக்கம் கருப்பு வேர்டு, மறுபக்கம் வெள்ளை பிடிஎஃப் என்று மாறி மாறிப் பார்த்தால் கண்மணி சுருங்குவது நொடியில் நடக்கும், கண் மறுபடி இருட்டுக்குப் பழகப் பல நிமிடம் ஆகும். இரண்டு சாளரமும் ஒரே பின்னணியில் இருக்கட்டும்.

மின்கலம் மிச்சமாகுமா என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். சாதாரண எல்சிடி திரையில் ஒன்றும் மிச்சமில்லை, பின்விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். ஓஎல்இடி ஆண்ட்ராய்டு கைபேசிகளில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 2021-ல் அளந்தபோது, 30 முதல் 50 சதவீத வெளிச்சத்தில் மிச்சம் 3 முதல் 9 சதவீதம்தான். முழு வெளிச்சத்தில் 39 முதல் 47.

---

ஒற்றெழுத்து

மிக்க நன்றி. பேஜ் கலர்தான், நோ கலர் கொடுத்ததும் பக்கம் வெளுத்தது. ரீபிளேஸ் இரண்டு சுற்று தேவைப்பட்டது.

இன்னும் இரண்டு. ஆசிரியர் குறிப்புகளை மஞ்சள் ஹைலைட்டில் தருகிறார், டார்க் மோடில் அது மங்கலாக வேறு நிறம் போல் தெரிகிறது. முன்னுரையின் கீழே இருக்க வேண்டிய கையொப்பப் படத்தையும் காணவில்லை.

---

விசைப்பலகை

மஞ்சள் கோப்பில் மஞ்சளாகவே இருக்கிறது. கருப்புக்குப் பொருந்த வேர்டு திரையில் மட்டும் அடக்கிக் காட்டுகிறது. இதனால்தான் டார்க் மோடில் இருந்துகொண்டு நிறம் தேர்வு செய்யக் கூடாது. கருப்பில் அழகாகத் தெரிந்த வெளிர்நீலத் தலைப்பு தாளில் கண்ணுக்கே தட்டுப்படாமல் போகலாம். அட்டவணைக்கு நிழல், வரைபடத்துக்கு நிறம், எதுவாக இருந்தாலும் ஸ்விட்ச் மோட்ஸ் அழுத்தி வெள்ளையில் வைத்துச் செய்யுங்கள்.

கையொப்பம் பின்னணி நீக்கிய பிஎன்ஜி படமாக இருக்கும். எழுத்து நிறத்தைப் புரட்டும் வேர்டு, படத்தைத் தொடாது. கருப்பு மைக்கோடு கருப்புப் பக்கத்தில் கரைந்துவிட்டது. படம் இருக்க வேண்டிய இடத்தில் சொடுக்கினால் சட்டகம் தெரியும். அச்சில் சரியாகவே வரும். அது காணவில்லை என்று நினைத்து இன்னொரு முறை ஒட்டிவிடாதீர்கள், தாளில் இரண்டு கையொப்பம் வரும்.

---

அச்சுக்கோப்பு

பிக்சல் சொன்னதில் பாதிக்கு உடன்படுகிறேன். வெள்ளைக்கும் கருப்புக்கும் நடுவே ஒன்று இருப்பதை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். வியூ > இமர்சிவ் ரீடர் > பேஜ் கலர் > செபியா. பழுப்பேறிய தாள் போல வரும். திரைக்கு மட்டும்தான், கோப்பில் ஏறாது, அதிலேயே திருத்தவும் முடியும். எழுத்துகள் விலகி விலகித் தெரிந்தால் அங்கேயே உள்ள டெக்ஸ்ட் ஸ்பேசிங்கை அணையுங்கள். அந்த இடைவெளியோடு தமிழ் படிப்பது கொடுமை. இதே செபியா ரீட் மோடிலும் உண்டு, ஆனால் அது படிக்க மட்டுமே.

பின்னணியைவிட எழுத்துருவும் பெருக்கமும் (ஜூம்) அதிகம் உதவும் என்பேன். 24 அங்குல முழு எச்டி திரையில் அங்குலத்துக்கு 92 பிக்சல்தான். 100 சதவீதப் பெருக்கத்தில் ஒற்றின் மேலுள்ள புள்ளிக்கு ஓரிரு பிக்சல்தான் கிடைக்கும், அது எந்தப் பின்னணியிலும் கரையும். 140-க்கு ஏற்றுங்கள். பெருக்கம் கோப்பின் பக்க அமைப்பைத் தொடாது. மெய்ப்புக்கு மட்டும் நோட்டோ சான்ஸ் தமிழ் மீடியம் வைத்துக்கொள்ளலாம், அதில் 9 தடிமன்கள் உண்டு. ஆனால் எழுத்துருவைக் கோப்பின் நகலில் மாற்றுங்கள், மூலத்தில் அல்ல.

கண்ணை நம்பவே கூடாத பிழை ஒன்று இருக்கிறது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளிலும், ஸ்கேன் செய்து எழுத்துணரி வழியாக வந்தவற்றிலும் 'அவர்' என்பது 'அவா்' என்று இருக்கும். ர் இருக்க வேண்டிய இடத்தில் துணைக்கால், அதன் தலையில் புள்ளி. பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசல் ஒன்று. கருப்பு, வெள்ளை, செபியா எதிலும் பிடிபடாது. அப்படி ஒரு சொல்லிலிருந்து அந்தத் துணைக்காலையும் புள்ளியையும் மட்டும் நகலெடுத்து ஃபைண்ட் கட்டத்தில் ஒட்டித் தேடுங்கள். துணைக்காலின் மேல் புள்ளி தமிழில் எங்குமே வராது, ஆகவே கிடைப்பதெல்லாம் பிழைதான். ரீபிளேஸ் ஆல் கொடுக்கலாம்.

---

ஒற்றெழுத்து

தேடினேன். 240 பக்கத்தில் 61 இடம். அதில் 9 அடிக்குறிப்பில்.