அறுப்பின் பண்டிகையில ஐயர் கூலி பத்திப் பேசினது சரியா தப்பா?

குத்தாலம் வாலிபன்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்களது மயிலாடுதுறை பக்கம் ஒரு லுத்தரன் சபை, பேரு வேண்டாம். போன ஞாயித்துக்கிழமை அறுப்பின் பண்டிகை. பூசணிக்கா, வாழைத்தார், சேவல், நெல்லு மூட்டைன்னு பீடத்துக்கு முன்னாடி நிறைஞ்சு கிடந்துச்சு, ஆராதனை முடிஞ்சதும் ஏலம். பிரசங்கத்துல ஐயர், அதாவது எங்க சபைப் போதகர், கீழ இறங்கி வந்து ஒரு நெல்லு மூட்டை மேல கையை வெச்சுக்கிட்டு, இதுக்கு நாத்து நட்டவங்களுக்கும் களை பறிச்சவங்களுக்கும் முழுக்கூலி போய்ச் சேந்துச்சான்னு கேக்காம இதைக் காணிக்கையா வாங்க எனக்கு மனசு வரலன்னு சொல்லிட்டாரு. யாக்கோபு 5:4 வாசிச்சாரு, வயலை அறுத்தவங்க கூலியைப் பிடிச்சு வெச்சா அந்தக் கூலியே கூக்குரல் போடும்ங்கிற வசனம். அதோட நிக்கல, கூலி பாக்கி இருக்கிறவங்க யாரா இருந்தாலும், கோயிலுக்கு வராதவங்களா இருந்தாலும், சனிக்கிழமை சாயங்காலம் வாங்க, மனு எழுதித் தர்றோம்னு அறிவிச்சுட்டாரு.

கமிட்டியில ரெண்டு மூணு பேருக்கு பயங்கரக் கோபம். ஐயர் சுவிசேஷம் சொன்னாப் போதும், கோயிலுக்குள்ள சங்கம் நடத்த வேண்டாம்னு சொல்றாங்க. வர்ற கமிட்டியில வாலிபர் ஐக்கியம் சார்பா நான் பேசணும். விசுவாசம் வேற, சமூக வேலை வேறன்னு பிரிக்க முடியுமா? நம்ம டெல்டாவுல இதுக்கு முன்னாடி இப்படி நடந்திருக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பொறையார் பாலன்:
தம்பி, இது புதுசே இல்ல, நம்ம சபை வந்த நாள்லேர்ந்து இருக்கு. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் ஐயர் 1706ல தரங்கம்பாடியில வந்து இறங்கினாரு, 1708ல அவரைக் கோட்டையில நாலு மாசம் அடைச்சு வெச்சாங்க. அதுக்குக் காரணம் என்னன்னு உங்க கமிட்டிக்காரங்களக் கேளுங்க. ஒரு ஏழை விதவையோட கடன் வழக்குல அவ பக்கம் நின்னு பேசினாரு, டேனிஷ் கவர்னருக்குப் பொறுக்கல. புதிய ஏற்பாட்டைத் தமிழ்ல அச்சடிச்சதை வருஷா வருஷம் மேடை போட்டுச் சொல்றோம், இந்த ஜெயில் கதையை மட்டும் யாரும் சொல்றதில்ல, எனக்கு இது ரொம்ப நாளா மனசுல உறுத்துற விஷயம்.

அடுத்தது தஞ்சாவூர்ல இருந்த மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர். ஹைதர் அலி படையெடுத்த சமயம், கோட்டைக்குள்ள ஜனங்க பட்டினி. வெளிய நெல்லு இருந்துச்சு, ஆனா கொண்டு வர மாடும் வண்டியும் தர குடியானவங்க தயாரா இல்ல, ஏன்னா முன்னாடி வாங்கினதுக்கே அரமனை ஆளுங்க காசு குடுக்கல, அடிச்சுப் பிடுங்கிட்டுப் போனவங்களை யாரு நம்புவா. ஸ்வார்ட்ஸ் ஐயர் நான் பொறுப்புன்னு வாக்குக் குடுத்தாரு, மாடு வந்துச்சு, நெல்லு உள்ள போச்சு, அவரு சொன்னபடி பணத்தையும் குடுத்தாரு. உங்க ஐயர் பேசினதும் அதே கூலி சமாச்சாரம்தானே.

ஓய்வு வாத்தியார்:
தம்பி, நான் கும்பகோணம். நாப்பது வருஷத்துக்கு மேல சபையில இருக்கிறவன், கமிட்டியிலயும் இருந்திருக்கேன், அதனால கோபப்பட்டவங்க பக்கமும் கொஞ்சம் சொல்லணும். ஐயர் சொன்ன விஷயம் சரி, சொன்ன இடம்தான் எனக்கு இடிக்குது. பிரசங்க பீடத்துக்கு யாரும் எந்திரிச்சுப் பதில் சொல்ல முடியாது. அந்த மூட்டை யாரு வீட்டுதுன்னு சபைக்கே தெரியும், அந்தக் குடும்பம் அன்னைக்கு எப்படித் தலை நிமிந்து உக்காந்திருக்கும்? உன் சகோதரன் குற்றம் செஞ்சா மொதல்ல தனியாப் போய்ப் பேசுன்னு மத்தேயு 18ல ஆண்டவரே சொல்லியிருக்காரு. சிறு விவசாயிக்கும் கையில காசு இருக்காது, கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் கூடன்னு சொல்லி நெல்லைப் போட முடியாம ரோட்டுல தார்ப்பாய் போட்டுக் காத்துக் கிடக்கிறவனும் நம்ம ஆளுதான், அவனுக்கும் யாராவது மனு எழுதித் தரணும்ல.

இன்னொரு பயம், இதை வெச்சு சபை ரெண்டாப் போயிடக் கூடாது.

நாகை மேரி:
நான் கத்தோலிக்கப் பொண்ணு, வேளாங்கண்ணி பக்கம். வாத்தியார் ஐயா சொன்ன மத்தேயு 18 நியாயம், வீட்டுக்குப் போய்ப் பேசிட்டு அப்புறம் கோயில்ல பேசியிருக்கலாம். ஆனா சபை ரெண்டாப் போகும்ங்கிற பயத்தை மட்டும் என்னால ஏத்துக்க முடியல ஐயா. 1833ல கல்கத்தா ஆங்கிலிக்கன் பிஷப் வில்சன் சபைக்குள்ள சாதி பாக்கக் கூடாதுன்னு கண்டிப்பா உத்தரவு போட்டப்ப தஞ்சாவூர்லயும் வேப்பேரியிலயும் எத்தனையோ பேர் கோவிச்சுக்கிட்டு வெளிய போனாங்க. போவாங்கன்னு பயந்து அவரு சும்மா இருந்திருக்கணும்னு இன்னைக்கு நம்மள்ல யாராவது சொல்வோமா?

தம்பி, நீங்க பேராயர் ரொமேரோ பத்திப் படிங்க. எல் சால்வடோர் நாடு, 1977ல சான் சால்வடோருக்குப் பேராயரா ஆனாரு. இவரு சாதுவானவரு, அரசாங்கத்தோட வம்புக்குப் போகமாட்டாருன்னு பணக்காரங்க நிம்மதியா இருந்தாங்க. அதே வருஷம் கரும்புத் தோட்டக் கூலிகளுக்காகப் பேசின அவரு நண்பர் ருட்டிலியோ கிராண்டேங்கிற ஃபாதரைச் சுட்டுக் கொன்னுட்டாங்க. ரொமேரோ என்ன பண்ணாரு தெரியுமா, அடுத்த ஒரு ஞாயித்துக்கிழமை மறைமாவட்டம் முழுக்க எல்லாக் கோயில்லயும் பூசையை நிறுத்திட்டு, கதீட்ரல்ல மட்டும் ஒரே பூசை, எல்லாரும் இங்க வாங்கன்னு கூப்பிட்டாரு. அதுக்கப்புறம் வாரா வாரம் ரேடியோவுல போற பிரசங்கத்துல கொல்லப்பட்டவங்க, காணாமப் போனவங்க பேரை வாசிச்சாரு. பேராயர் மாளிகை வேண்டாம்னு புற்றுநோய் ஆஸ்பத்திரி வளாகத்துல சின்ன வீட்டுல இருந்தாரு, 1980 மார்ச் 24 அந்த ஆஸ்பத்திரி சிற்றாலயத்துல பூசை வெச்சுக்கிட்டு இருக்கும்போதே சுட்டுட்டாங்க. 2018ல புனிதர் பட்டம் குடுத்தாங்க. அவரு பூசையை விட்டுட்டு ஜனங்க கிட்டப் போகல, பூசையிலேர்ந்துதான் போனாரு.

நம்ம ஊருக்கு வந்தா, கீழ்வெண்மணியில கூலி கூடக் கேட்ட குடும்பங்கள்ல 44 பேரை ஒரே குடிசைக்குள்ள எரிச்சது 1968 டிசம்பர் 25 ராத்திரி. பொம்பளைங்களும் புள்ளைங்களும்தான் அதிகம். கிறிஸ்துமஸ் ராத்திரி, நம்ம கோயில்லாம் குடில் கட்டி வெச்சிருந்த அன்னைக்கு. இந்த மண்ணுல இருந்துக்கிட்டு கூலி பத்திக் கோயில்ல பேசக் கூடாதுன்னு சொன்னா எனக்கு நெஞ்சு எரியுது.

திருவாரூர் எஸ்தர்:
நான் மகளிர் குழு வேலையில இருக்கேன், அதனால சனிக்கிழமை மனு விஷயத்துக்கு மட்டும் சொல்றேன். எல்லாருக்கும் சேத்து ஒரே மனு எழுதாதீங்க, ஆளுக்கு ஒண்ணா எழுதுங்க, எந்தத் தேதியில என்ன வேலை, பேசின கூலி எவ்வளவு, வந்தது எவ்வளவுன்னு தெளிவா இருக்கணும். மொதல்ல விவசாயி வீட்டுக்கே ஐயரும் இன்னும் ரெண்டு பேரும் போய்ப் பேசுங்க, பாதி அங்கயே முடிஞ்சிடும், வாத்தியார் ஐயா கவலையும் தீரும். முடியலன்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல குடுத்து ரசீது வாங்கி வெச்சுக்கோங்க. கூலிக்காரங்க பேரை மைக்குல சொல்லிடாதீங்க, அடுத்த நடவுக்குக் கூப்பிட மாட்டாங்க.

இன்னொண்ணு, கமிட்டியில பேசப் போறீங்கல்ல, உங்க கோயில் கூட்டிப் பெருக்குற அக்காவுக்கும், கோயில் நிலம் இருந்தா அதுல வேலை செய்றவங்களுக்கும் சபை என்ன குடுக்குதுன்னு கணக்கை எடுத்துட்டுப் போங்க.

குத்தாலம் வாலிபன்:
எல்லாருக்கும் நன்றி. எஸ்தர் அக்கா, கணக்கு நோட்டைப் பொருளாளர்கிட்டக் கேட்டுட்டேன், நாளைக்குத் தர்றேன்னாரு. வாத்தியார் ஐயா, மூட்டை குடுத்த அந்த வீட்டுக்கு நாளைக்கே ஐயரைக் கூட்டிக்கிட்டுப் போறேன். மனு எழுத எங்க வாலிபர்ல நாலு பேர் ரெடி, படிவம் மாதிரி ஏதாவது இருந்தா அக்கா இங்கயே போடுங்க.